பார்க்க வருபவரும் வாங்க வருபவரும்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தம்போயில் வெயில் இன்னும் தணியவில்லை. பிளாசா அங்சானாவைத் தாண்டி ஒரு கார் போகிறது. ஓட்டுபவர் வீட்டுத் தரகர். அவர் பக்கத்தில் ஒரு பெரியவர். பின்னால் அவருடைய மகள், மருமகன், தூக்கத்துக்குச் சிணுங்கும் பேரப்பிள்ளை.

இன்று இது நான்காவது வீடு. மூன்று மாதத்தில் பதினோராவது வீடு! தாமான் தம்போய் இண்டாவில் பார்த்த வீட்டில் சமையற்கட்டு சிறியது. தாமான் டாலியாவில் சமையற்கட்டு பெரியது; ஆனால் வாசல் மேற்குப் பார்த்தது. தம்போய் உத்தாமாவில் வாசலும் சரி, சமையற்கட்டும் சரி. பக்கத்து வீட்டு நாய்தான் சரியில்லை.

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்கிறார்: "இதுவும் நல்லாத்தான் இருக்கு தம்பி. வேற ஏதாச்சும் இருந்தாலும் காட்டுங்க. பார்ப்போமே, இப்ப என்ன?"

"சரிங்க ஐயா" என்கிறார் தரகர். அவர் கண் பெட்ரோல் முள்ளின் மேல் போய் நிற்கிறது.

இது நாம் கற்பனை செய்த காட்சிதான். ஆனாலும் வீடு தேடி அலைந்த வாசகர்களில் பலருக்கு இந்தக் காரில் ஏறி இறங்கியது போலவே இருக்கும். இப்போது ஒரு கேள்வி. இந்தத் தரகர் எப்போது "போதும் ஐயா, இதற்கு மேல் நான் வீடு காட்டுவதற்கில்லை" என்று சொல்லலாம்? சொல்வது முறையா? சொல்லாமல் இழுத்துக்கொண்டே போவது முறையா?

"அது தரகர் கவலை, நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். அவர் எதற்காக நிறுத்துகிறார் என்று தெரிந்துகொண்டால், வீடு வாங்கப் போகும் நாம் எங்கே தவறுகிறோம் என்பதும் தெரிந்துவிடும். அவர் நிறுத்தாமல் போனதால் குடும்பங்கள் கடனில் மூழ்குவதும் உண்டு.

எஸ்டேட் ஏஜெண்டு என்றால் யார்?

எஸ்டேட் என்றதும் நமக்குக் கித்தா மரமும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நிலம், சொத்து என்றும் பொருள். வீடு, மனை, கடை ஆகியவற்றை விற்கவும் வாடகைக்கு விடவும் இடைநின்று உதவுகிறவரே எஸ்டேட் ஏஜெண்டு.

நம் நாட்டில் இந்தத் தொழிலை நினைத்தவர் எல்லாம் செய்ய முடியாது. 1981 ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம் இருக்கிறது. தேர்வு எழுதி, பயிற்சி பெற்று, அந்த வாரியத்தில் பதிந்துகொண்டவரே பதிவு பெற்ற ஏஜெண்டு. அவருடைய நிறுவனத்தின் கீழ், வாரியம் கொடுத்த எண்ணும் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்பவர் நெகோஷியேட்டர். நம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுபவர் பெரும்பாலும் இந்த நெகோஷியேட்டர்தான். மக்கள் வழக்கில் இருவருமே தரகர்கள்.

அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? வீடு விற்றால், விற்ற விலையில் அதிகம் போனால் 3 விழுக்காடு கட்டணம் வாங்கலாம். 400,000 வெள்ளி வீட்டுக்கு அது 12,000 வெள்ளி. அந்தத் தொகை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து பங்கு பிரிந்து நெகோஷியேட்டரின் கைக்கு வரும். இந்தக் கட்டணத்தைக் கொடுப்பவர், வழக்கமாக, வீட்டை விற்பவர். வாங்குகிறவர் தரகருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விற்பனை நடக்கவில்லை என்றால் யாரும் ஒரு காசு கொடுக்க மாட்டார்கள். பெட்ரோலும் ஞாயிற்றுக்கிழமையும் அவருடையவை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நமக்குச் செலவில்லாததால், வீடு பார்ப்பதையே ஒரு பொழுதுபோக்காக ஆக்கிக்கொள்கிறோம். நாம் பதினோராவது வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பணத்தோடும் தாள்களோடும் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குத் தரகரால் நேரம் ஒதுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. விற்பவரிடம் கட்டணம் வாங்கும் தரகர், விற்பவருக்கு வேலை செய்பவர். நம்மிடம் அன்பாகப் பேசுவார். பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். ஆனாலும் அவர் கடமைப்பட்டிருப்பது விற்பவருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், 2010 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒரே விற்பனையில் ஒரே தரகர் இரு தரப்புக்கும் நிற்க முடியாது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டு மாதம் முதல் தேசியத் தரகர் சங்கம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. வாங்குகிறவரின் தரகர், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே, தமக்கு எவ்வளவு கட்டணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே பெரும்பாலும் எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கிறது. ஆகவே, எப்போது தொடங்கினோம், எப்போது முடித்துக்கொண்டோம் என்பதும் தெளிவில்லாமல் போய்விடுகிறது.

இதற்காகவெல்லாம் நிறுத்தக் கூடாது

நிறுத்தலாம் என்றதும், மனத்துக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் கழித்துக் கட்டலாம் என்று ஒரு தரகர் நினைத்துவிடக் கூடாது.

வந்தவர் காற்சட்டை போட்டு வரவில்லை, மோட்டார் சைக்கிளில் வந்தார், மலாய் சரளமாகப் பேசவில்லை என்பதெல்லாம் காரணங்கள் ஆகா. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தோட்டத் தொழிலாளி கையில் ஊழியர் சேமநிதிப் புத்தகக் கணக்கும் மனைவியின் சேமிப்பும் இருக்கலாம். பகட்டாகக் காரில் வந்தவரின் கார், வங்கிக்குக் கடன்பட்டதாக இருக்கலாம்.

இனத்தைக் காட்டி நிறுத்துவது அதைவிடக் கேவலம். "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரங்களைக் கண்டு மனம் புழுங்காத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் குறைவு. அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டிலேயே, வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், சமயம் பார்ப்பது சட்டப்படி குற்றமாயிற்று. சட்டம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு நல்ல தரகர் ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்த மாட்டார்.

கேள்வி கேட்பவரையும் விலக்கக் கூடாது. கூரை ஒழுகுமா? மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்குமா? நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு? தாமான் துன் அமீனா தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு தூரம்? இப்படிக் கேட்பவர்தான் உண்மையில் வாங்கப் போகிறவர். வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்பவரும் அப்படியே. வாழ்நாளில் ஒரு தரம் செய்யும் காரியத்துக்கு இரண்டு வாரம் யோசிப்பது தப்பா?

தாள்கள் தயாராகும் வரை

அப்படியானால் எதற்காக நிறுத்தலாம்?

முதற்காரணம், பணத்துக்கு வழி தெரியாமல் வீடு பார்ப்பது. இதில் முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. தள்ளி வைத்தால் போதும்.

400,000 வெள்ளிக்கு ஒரு தொடர் வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வீடுகளுக்கு வங்கி, மற்றவை எல்லாம் சரியாக இருந்தால், 90 விழுக்காடு வரை கடன் கொடுக்கும். மூன்றாவது வீட்டிலிருந்து 70 விழுக்காடுதான் என்பது 2010 நவம்பரில் பேங்க் நெகாரா போட்ட கட்டுப்பாடு. ஆக, முதல் வீட்டுக்கு 40,000 வெள்ளி நம் கையிலிருந்து வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி, முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடும் அடுத்த 400,000 வரை 2 விழுக்காடுமாகக் கணக்கிட்டால் 7,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 1,800 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணங்களையும் சேர்த்தால் 50,000 வெள்ளியைத் தாண்டிவிடும். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் முத்திரை வரியில் விலக்குக் கொடுப்பதுண்டு. நமக்கு அது கிடைக்குமா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"சேமநிதியில் பணம் இருக்கிறதே!" என்பார்கள் பலர். இருக்கிறதுதான். வீட்டுக்காக எடுக்கவும் முடியும். ஆனால், விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே அதற்கு விண்ணப்பம் போட முடியும். முன்பணம் கட்ட வேண்டிய நாளில் அந்தப் பணம் கையில் இராது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது, வங்கி நம்மை எப்படிப் பார்க்கிறது என்பது. சம்பளத்தில் ஏற்கெனவே கார், மோட்டார் சைக்கிள், கடன் அட்டை, பிள்ளையின் கல்விக் கடன் என்று எவ்வளவு போகிறது என்று வங்கி கூட்டிப் பார்க்கும். கடந்த 12 மாதங்களில் தவணைகளைத் தவறாமல் கட்டியிருக்கிறோமா என்று பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையில் பார்க்கும். அந்த அறிக்கையை நாமே இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். வீடு பார்க்கப் புறப்படுவதற்கு முன் அதைப் பார்ப்பதுதான் முறை.

தம்போயில் பலர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில் வருகிறது, தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் இங்குள்ள வங்கிக்குச் சம்பளச் சீட்டு, அந்த நாட்டுச் சேமநிதிக் கணக்கு, வங்கிக் கணக்குத் தாள்கள் எல்லாம் வேண்டும். தாள் இல்லாத வருமானம் வங்கியின் கண்ணுக்குத் தெரியாது.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவர் நிலமோ வீடோ வாங்க மாநில அரசாங்கத்தின் அனுமதி தேவை. எத்தனையோ காலம் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே உழைத்த நம் பெரியவர்கள் சிலருக்கு இது வருத்தமான செய்திதான். ஆனால் அதை முதல் நாளே சொல்லிவிடுகிற தரகர், அவர்களுக்கு நல்லது செய்கிறார்.

ஆக, தாள்கள் இல்லாமல் வருகிறவரிடம் தரகர் சொல்ல வேண்டியது இதுதான்: "ஐயா, முதலில் வங்கிக்குப் போய் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டு வாருங்கள். அதுவரை வீடு பார்ப்பதை நிறுத்தி வைப்போம்." இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

என்ன வேண்டும் என்று தெரியாதபோது

பணம் இருக்கிறது, தாளும் இருக்கிறது, முடிவுதான் வரவில்லை. இது இரண்டாவது வகை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் வீட்டில் இல்லை; குடும்பத்தில் இருக்கிறது. கணவனுக்குக் கடற்பாலம் பக்கமாக இருக்க வேண்டும். மனைவிக்குப் பள்ளிக்கூடம் பக்கமாக இருக்க வேண்டும். மாமியாருக்குக் கோயில் பக்கமாக இருக்க வேண்டும். மூவரும் தங்களுக்குள் பேசி முடிக்காமல், வீட்டைப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும் என்று நம்பிக் காரில் ஏறுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருக்கு முகம் வாடுகிறது.

ஐந்தாறு வீடு பார்த்த பிறகும் ஒவ்வொரு தரமும் வெவ்வேறு குறை சொல்லப்பட்டால், தரகர் காரை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். "இந்த வீடுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? அதில் எது மாறினால் வாங்குவீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால், தேடலாம். பதில் இல்லை என்றால், குடும்பம் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விலை இறங்கும் என்று காத்திருப்பவரும் உண்டு. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு இரயில் போடுகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து, விலை ஏறும் என்று ஒரு சாராரும், ஏறியது இறங்கும் என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். காத்திருப்பது வாங்குகிறவரின் உரிமை. ஆனால் காத்திருக்கப் போகிறோம் என்றால், அதைத் தரகரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். மாதம் இரண்டு ஞாயிறு அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

முதுகுக்குப் பின்னால்

மூன்றாவது காரணம் கொஞ்சம் கசப்பானது. ஒரு தரகர் வீட்டைக் காட்டுகிறார், நமக்குப் பிடித்துவிடுகிறது. மறுநாள் நாமே வீட்டுக்காரரின் வாசலில் போய் நிற்கிறோம். "தரகர் வேண்டாம் அண்ணே. அந்தக் காசை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்."

சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த வாங்குகிறவரை அழைத்து வந்தவர் தரகர் என்பதற்கு ஆதாரம் இருந்தால், விற்பவர் கட்டணம் கொடுக்க வேண்டிவரலாம்; வழக்கு மன்றம் வரையிலும் போகலாம். இப்படி ஒரு தரம் செய்தவருக்கு மறுபடி வீடு காட்ட வேண்டிய அவசியம் தரகருக்கு இல்லை. ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூலம் மூன்று விலைக்குக் கேட்பவரும் இதே கணக்கில் சேர்ந்தவர்தாம். வெவ்வேறு வீடுகளுக்கு வெவ்வேறு தரகரைப் பார்ப்பதில் தவறில்லை. "இந்த வீட்டை ஏற்கெனவே இன்னொருவர் காட்டிவிட்டார்" என்று வாய்திறந்து சொன்னால் போதும்.

அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியவை

இதுவரை சொன்ன காரணங்களில் தரகருக்கு நஷ்டம் நேரம்தான். இனிச் சொல்லப் போவது வேறு. இவற்றில் தள்ளி வைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

"மார்க்-அப் செய்து கொடுங்கள்" என்று கேட்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தாமே சொல்லிக்கொடுக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். உண்மை விலை 400,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் 450,000 என்று எழுதுவது. 450,000-க்கு 90 விழுக்காடு 405,000 வெள்ளி. ஆக, வீட்டின் முழு விலையும் வங்கிப் பணத்திலேயே வந்துவிட்டது. மேலே 5,000 வெள்ளி மிச்சம்! முன்பணம் இல்லாமல் வீடு! இனிக்கத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், 360,000 வெள்ளிக் கடனுக்கு மாதம் சுமார் 1,594 வெள்ளி. 405,000 வெள்ளிக்குச் சுமார் 1,793 வெள்ளி. மாதம் 200 வெள்ளிதானே என்று தோன்றும். 420 மாதங்களுக்கு அது 83,000 வெள்ளிக்கு மேல். இன்றைக்குக் கிடைத்த 45,000 வெள்ளிக்குக் கொடுக்கும் விலை அது. முத்திரை வரியும் கூடிய விலைக்கே விதிக்கப்படும். நாளைக்கு வேலை போய், வீட்டை விற்க வேண்டி வந்தால், வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கியிடம் பொய் விலை சொல்லிப் பணம் வாங்குவது மோசடி. வாங்குகிறவர், விற்பவர், தரகர் எல்லாருமே மாட்டிக்கொள்வார்கள்.

சம்பளச் சீட்டைத் திருத்திக் கொடுப்பதும் இதே குற்றம்தான். "ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். தாளில் இருப்பது உங்கள் பெயர்.

மற்றவர் பெயரில் வாங்குவது இன்னொன்று. பூமிபுத்ராக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வீடு ஒன்று மலிவாக வருகிறது. அதை அனுமதியில்லாமல் மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. "நண்பர் பெயரில் வாங்கிக்கொள்கிறேன், எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை" என்கிறார் வாங்குகிறவர். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்துபோனால் வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். நாம் கட்டிய பணத்துக்கு எந்த வழக்கு மன்றத்தில் போய் நிற்பது? இந்தப் பேச்சு வந்தவுடனே தரகர் எழுந்துகொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், பெட்டியில் நோட்டாகக் கொண்டுவருபவரும் உண்டு. 2001 ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி, சந்தேகமான கொடுக்கல் வாங்கலைப் பேங்க் நெகாராவுக்குத் தெரிவிக்க வேண்டியவர்களில் பதிவு பெற்ற எஸ்டேட் ஏஜெண்டும் ஒருவர். அப்படித் தெரிவித்ததை வாங்குகிறவரிடம் சொல்லவும் கூடாது.

எப்படிச் சொல்வது?

நிறுத்துவது சரி, நிறுத்தும் முறை என்று ஒன்று இருக்கிறது. இன்று பலர் கையாளும் முறை என்ன? தொலைபேசியை எடுக்காமல் இருப்பது. செய்தி அனுப்பினால் பதில் போடாமல் இருப்பது. வாங்குகிறவர் பாவம், நாம் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் தவிப்பார். இது கோழைத்தனம்.

நம் நாட்டின் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முகவர்களைப் பற்றியும் பேசுகிறது. முகவர் தம்மை அமர்த்தியவரின் வேலையைத் துறக்கலாம். ஆனால் போதிய முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரே கட்டணம் பேசித் தரகரை அமர்த்தியிருந்தால் இது அப்படியே பொருந்தும். வாய்ப்பேச்சில் சுற்றிய உறவுக்கும் அதே நாகரிகம் வேண்டும்.

மரியாதையாக உட்கார்ந்து, காரணத்தைச் சொல்லி, எது மாறினால் மறுபடி வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கிய தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால், கையெழுத்தான கடிதத்தில் உள்ளபடி அதைத் தீர்க்க வேண்டும். விற்பவரிடமும், இந்தக் குடும்பம் இப்போது வாங்கும் நிலையில் இல்லை என்று தெரிவிக்க வேண்டும். பாவம், அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

நாம் நிறுத்த வேண்டிய நேரம்

தரகருக்கு நியாயம் பேசிவிட்டோம். நமக்கும் நியாயம் உண்டல்லவா? பதிவு எண்ணைக் கேட்டால் மழுப்புகிறவரிடமிருந்து அன்றைக்கே விலகிவிடுங்கள். எண் இருந்தால் வாரியத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்கிறவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

முன்பணம் வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காடு. 400,000 வெள்ளி வீட்டுக்கு 8,000 அல்லது 12,000 வெள்ளி. அதை நெகோஷியேட்டரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால், போடாதீர்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு இரசீது வாங்குங்கள். "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொன்னது போதாது. அந்த வரி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

"இன்றைக்கே போட வேண்டும், இன்னொருவர் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துகிறவர், சுவரில் உள்ள ஈரத்தைப் படம் மாட்டி மறைக்கிறவர், வாங்குகிறவர் விற்பவர் இருவரிடமும் கட்டணம் கேட்கிறவர்: இவர்களிடமும் "போதும் தம்பி" என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லயத்து வீடும் சொந்த வீடும்

ஒரு வீட்டுக்காக நாம் ஏன் இவ்வளவு தடுமாறுகிறோம்? காரணம் இல்லாமல் இல்லை.

நம் தாத்தா பாட்டிகள் இருந்த லயத்து வீடு அவர்களுடையது அன்று, தோட்டத்துடையது. வேலை இருக்கும் வரை கூரை இருந்தது. வேலை நின்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தப் பேரங்களில் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அந்த நிலையைக் கண்டுதான் 1960 ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்த பணத்தில், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

ஜொகூர் பாருவைச் சுற்றியும் அதே கதைதான். மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று தாமானின் பெயர். பால் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகள், அந்த மண்ணில் எழுந்த வீடுகளை விலைக்குக் கேட்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் இல்லை. "இனி யாரும் நம்மைக் கிளம்பு என்று சொல்ல முடியாது" என்ற நிம்மதி அது. அதனால்தான் முடிவெடுக்கக் கை நடுங்குகிறது. அதனால்தான், எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று பொய்த்தாளில் கையெழுத்துப் போடவும் சிலர் துணிந்துவிடுகிறார்கள். தவணை கட்ட முடியாமல் வங்கி ஏலம் போட்டால், மறுபடியும் அதே "கிளம்பு"தான்! அதை முன்கூட்டியே கண்டு, கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று "இப்போது வேண்டாம்" என்று சொல்லக்கூடிய தரகர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

நம் ஞாயிற்றுக்கிழமைக் காருக்குத் திரும்புவோம். தரகர் ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்புகிறார்.

"ஐயா, ஒரு வார்த்தை. தப்பா நினைச்சுக்காதீங்க. பதினோரு வீடு பார்த்துட்டோம். இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு நீங்க எல்லாரும் உட்கார்ந்து பேசுங்க. எவ்வளவு கடன் கிடைக்கும்னு மாப்பிள்ளை வங்கியில கேட்டுட்டு வரட்டும். எந்த வீடு வேணும்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. நான் ஓடி வரேன். அதுவரைக்கும் நான் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

காருக்குள் சற்று நேரம் அமைதி. பெரியவருக்கு முகம் சிவக்கிறது. மருமகன் சன்னலுக்கு வெளியே பார்க்கிறான். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மகள்தான் பேசுகிறாள்.

"அவர் சொல்றது சரிதாம்ப்பா. நாம இன்னும் வீட்டுல பேசவே இல்லையே."